இன்னும் ஒரே மாசம்

"மேடம், என் சேமிப்பை முறிச்சிக் குடுத்துடுங்க. இன்னிக்கே வேணும்."

அரூர் டிரஸ்ட் ஆபீஸைத் திறந்ததும் திறக்காததுமாக வந்து நின்ற தேன்மொழியைக் கோகிலவாணி ஏறிட்டுப் பார்த்தாள்.

"புரிஞ்சுதான் பேசறியா? மாசம் ஐந்நூறு நீ கட்டினா டிரஸ்ட்டும் ஐந்நூறு போடுது. ரெண்டு வருசம் கையை வைக்காம இருந்தா மொத்தமும் உனக்கு. இன்னும் ஒரே மாசம்! இப்ப முறிச்சா எங்க பங்கு போயிடும்."

"போவட்டுங்க. நான் கட்டினது மட்டும் போதும்."

சித்தேரி மலையில் யாரும் இந்தத் திட்டத்தை நம்பாதபோது முதல் ஆளாகச் சேர்ந்தவள் அவள். கடுக்காயும் புளியும் பொறுக்கி விற்றுக் கட்டிய பணம். வாங்கப்போகும் கறவை மாட்டுக்குக் கொட்டகைகூடப் போட்டாயிற்று.

"உன் புருசன் கேட்டானா?"

தேன்மொழி தரையைப் பார்த்தாள். "அவருக்குத்தானுங்க."

"பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன் பணம் அனுப்பணும். இங்கிருந்து புடுங்கக் கூடாது. குடிக்கத்தானே?"

தேன்மொழி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க" என்றாள்.

கோகிலவாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களையெல்லாம் கைதூக்கி விடவே முடியாதும்மா. அவனுக்குப் போனைப் போடு, நானே நாலு கேள்வி கேக்கறேன்."

"எடுக்கமாட்டாருங்க. இந்த நம்பருக்குப் பணத்தைப் போட்டுடுங்க. அவருகூட இருக்கறவரோடது."

புருசன், பெண்டாட்டி இருவர் பேரிலும் கணக்கு. ஒருவர் கேட்டாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கோகிலவாணி அனுப்பினாள். தேன்மொழி கும்பிட்டுவிட்டு மலை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

ஆத்திரம் அடங்காமல் அந்த நம்பருக்கே கூப்பிட்டாள் கோகிலவாணி.

"பணம் வந்துச்சா? தேன்மொழி புருசன் முருகேஷ்கிட்ட போனைக் குடுய்யா."



"நான் ஆம்புலன்ஸ் டிரைவருங்க. அவரு நேத்து சாரத்துல இருந்து விழுந்து செத்துட்டாரு. பாடியை ஏத்தியாச்சு, வாடகை வரட்டும்னுதான் நின்னேன். சாவுன்னு தெரிஞ்சா ஆபீசுல வாரிசு சர்ட்டிபிகேட் கேப்பாங்க, பணம் வர மாசக்கணக்கா ஆவும்னு அந்தம்மா போன்ல அழுதுச்சுங்க."

தெரிந்திருந்தால் கோகிலவாணி அந்தச் சர்ட்டிபிகேட்டைக் கேட்டுத்தான் இருப்பாள்.

"ஹலோ... நல்லவேளை, உடனே போட்டு விட்டீங்க. நீங்க அந்தம்மாவுக்கு என்ன வேணுங்க?"