கயிறு பிடிக்க வராதவன்

“ஃபிர்மேன் வரலியா?”

மணிக் கயிற்றை இழுத்தபடியே கேட்டார் பிரிவா. உள்ளங்கை தோல் உரிந்திருந்தது.

“கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். பதிலே இல்லண்ணே,” என்றான் கொல்லன் உர்பேன்.

“உள்ளேதான் இருப்பான். கணப்புகிட்ட காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பான். வெளியே மாட்டினது என் பொண்ணுல்ல?”

லோசேர் மலையில் பனிப்புயல் அடித்தால் நீட்டிய கை தெரியாது. அதற்குத்தான் ஊருக்கு ஊர் கல் தூணில் மணி கட்டி வைத்திருக்கிறோம். வெளியே போனவர்களில் கடைசி ஆள் வந்து சேரும்வரை அடிக்க வேண்டும். வீட்டுக்கு ஒருவர் முறை வைத்துக் கயிறு பிடிக்க வேண்டும். சண்டை சச்சரவெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மத்தியானத்துக்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். மலைக்கு அந்தப்புறம் சந்தைக்குப் போன லெயோனி மட்டும் வரவில்லை. பிரிவாவுக்கு அவள் ஒருத்திதான்.

ஃபிர்மேனுக்கும் அவருக்கும் ஓடைத் தண்ணீர்த் தகராறு. லெயோனி நடை பழகிய காலத்திலிருந்தே பேச்சு கிடையாது. கோயிலில்கூட ஆளுக்கொரு மூலை.

“கொடுங்கண்ணே, நான் இழுக்கறேன்.”

“விடு. அவன் முறையையும் நானே இழுத்துக்கறேன். என் வீட்டுச் சாவுமணின்னா முதல் ஆளா வந்து நிப்பான், பாரு.”

“இந்த நேரத்துல என்ன பேச்சு இது!” அதட்டினாள் ரொட்டிக்கடை ஒதில். “வாயை மூடிக்கிட்டு இழுங்க.”

உர்பேன் தயங்கினான். “காத்து எதிர்ல அடிக்குது. உச்சியில மணி கேக்காதுண்ணே.”

பிரிவா இன்னும் வேகமாக இழுத்தார்.

வெளிச்சம் மங்கும்போது பனிக்குள்ளிருந்து ஒரு கனைப்பு.

“வந்துட்டா! லெயோனி வந்துட்டா!”

பிரிவா கயிற்றை விட்டுவிட்டு ஓடினார். மணி தானாக இரண்டு தரம் ஆடி ஓய்ந்தது.

நடந்து போனவள் குதிரைமேல் வந்திருக்கிறாள் என்பதுகூட யாருக்கும் உறைக்கவில்லை. ஆளும் குதிரையும் ஒரே வெள்ளை. இறக்கித் தூக்கிப்போய் ஒதிலின் அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அவளுக்குப் பல் கிட்டித்திருந்தது. சூடான பாலில் கொஞ்சம் சாராயம் கலந்து வாயில் ஊற்றினாள் ஒதில்.

“எல்லாரும் வந்தாச்சு. வீட்டைப் பார்க்கப் போகலாம்,” என்று தொப்பியை எடுத்தான் உர்பேன்.

“நீங்க போங்க,” பிரிவா தடியைத் தேடினார். “நான் அந்த ஃபிர்மேன் கதவை உடைச்சு நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன். இன்னிக்கு விடறதில்லை.”

லெயோனி அவர் கையை எட்டிப் பிடித்தாள். கிட்டித்த பல் இப்போதுதான் விட்டிருந்தது.

“அப்பா... அது ஃபிர்மேன் மாமா குதிரை. உச்சி வரைக்கும் என்னைத் தேடி வந்தாரு.”

“யாரு?”

“மணிச் சத்தம் கேட்க ஆரம்பிச்ச இடத்துல, ‘உனக்குக் கை கால் விறைச்சுப்போச்சு, நீ முன்னால ஓட்டு, நான் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே நடந்து வந்துடறேன்’னாரு.”

சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள். வெளியே காற்று மட்டும்தான் கேட்டது.

“ஏம்ப்பா மணி அடிக்கலை?”