பக்கத்துக்கு நாலு விரல்

“அறுத்துடுங்க. ரெண்டு பக்கமும் அறுத்துடுங்க. என் குழந்தை படற பாட்டை இனிமே என்னால பார்க்க முடியாது” என்றார் அப்பா.

ரம்பத்தைக் கையில் பிடித்திருந்தவர் தயங்கினார். சோபாவில் கிடந்த நான்கு வயதுப் பாப்பாவை ஒரு தடவை பார்த்தார். இடுப்பிலிருந்து இரண்டு கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டு. திறந்து வைத்த கத்தரிக்கோல் போலக் கால்கள் அகன்றிருக்க, நடுவில் ஒரு குச்சியை வேறு வைத்துக் கட்டியிருந்தார்கள்.

“அறுத்தா திரும்ப ஒட்டாது சார். ஹவுஸ் ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா?”

“கதவு நிலைதானே? நான் சொல்லிக்கிறேன். நீங்க அறுங்க.”

தச்சர் படுக்கையறைக் கதவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நிலையில் ரம்பத்தைப் போட்டார்.

பாப்பாவுக்குப் பிறக்கும்போதே இடுப்பு மூட்டு நழுவியிருந்தது. பெல்ட், கட்டு, ஆபரேஷன் என்று எல்லாம் பார்த்து, நேற்றுத்தான் இந்தப் பெரிய கட்டோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இன்னும் மூன்று மாதம் இதே கோலம்தான். “கால் இருக்கிற இருப்பு மாறவே கூடாது” என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அதுதான் வேதவாக்கு.

நேற்று ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது அப்பா கீழே மூட்டை முடிச்சுகளை இறக்கிக்கொண்டிருந்தார். அம்மா முன்னால் ஓடி, உள்ளே தலையணைகளைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் ஹாலுக்குத் திரும்புவதற்குள் ஆம்புலன்ஸ்காரர் பாப்பாவைச் சோபாவில் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

அதற்கப்புறம்தான் வந்தது வினை. தளும்பத் தளும்ப நிறைந்த அண்டாவைத் தூக்குவதுபோல, அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பாப்பாவைப் படுக்கையறைக்குத் தூக்கிப் போனார்கள். பக்கத்துக்கு நாலு விரல் இடித்தது. தலையை முதலில் விட்டுப் பார்த்தார்கள், காலை முதலில் விட்டுப் பார்த்தார்கள், இடித்துக்கொண்டேதான் இருந்தது. கடைசியில் மூன்று பேரும் ஹாலிலேயே படுத்தார்கள்.

ரம்பச் சத்தம் கேட்டுக் கீழ்வீட்டிலிருந்து ஹவுஸ் ஓனர் ஏறி வந்தார். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கே ஆயிரம் கேள்வி கேட்கிற மனிதர். அறுபட்டுக் கிடந்த நிலையைப் பார்த்ததும் தாம் தூம் என்று குதித்தார்.

“யாரைக் கேட்டு அறுத்தீங்க? தேக்கு சார், தேக்கு! இந்த வீட்டு நிலை எல்லாம் ஒரே அளவு, ஒரே மரம். பக்கத்துல நின்னு இழைச்சு வாங்கினேன். நாளைக்கே வீட்டைக் காலி பண்ணுங்க!”

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். குழந்தையை இந்தக் கட்டோடு தூக்கிக்கொண்டு வீடு தேடி எங்கே அலைவது? அம்மாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“நாலு வருஷமா இவளை நடக்க வைக்கப் போராடறோம் சார். கொஞ்சம் பிசகினாலும் எல்லாம் வீணாப் போயிடுமோன்னு பயமா இருக்கு. கதவுல இடிச்சு இடுப்பு மறுபடி நழுவிட்டா நாங்க என்ன பண்ணுவோம்?”

ஹவுஸ் ஓனர் லேசில் நம்புகிறவர் இல்லை. தச்சரிடமிருந்து டேப்பைப் பிடுங்கினார். மாவுக்கட்டை அளந்தார், பக்கத்து அறை நிலையை அளந்தார், மறுபடியும் மாவுக்கட்டை அளந்தார். “டிவியை மறைக்காதீங்க” என்றாள் பாப்பா.

“பக்கத்துக்கு நாலு விரல் இடிக்கத்தான் செய்யும்” என்று அவரே தீர்ப்புச் சொன்னார். டேப்பைச் சுருட்டித் தச்சர் கையில் கொடுத்தார். “மன்னிச்சிடும்மா. நிலை போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம். குழந்தை இடுப்புக்கு எங்கே போறது?”

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அழுதார்கள். தச்சர்கூட மூக்கை உறிஞ்சினார். அந்த நேரம் பார்த்து ஹவுஸ் ஓனருக்கு மூளை வேலை செய்தது.

“ஆமா, அடுத்த செக்கப் எப்போ?”

“திங்கக்கிழமை.”

“அப்போ குழந்தையை எப்படி வெளியே கொண்டு போவீங்க?”

எல்லாரும் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். தச்சர் ஓடிப்போய் அளந்தார். “அதே அகலம்தான் சார்” என்றார் துக்கமாக.

வாசல் நிலை ஹவுஸ் ஓனரின் உயிர். கொடியும் பூவுமாகச் செதுக்கி வைத்து, வாரா வாரம் தன் கையாலேயே எண்ணெய் போட்டுத் துடைக்கிற நிலை அது. கொஞ்ச நேரம் அதைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நின்றார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“அறுங்க!”

“நீங்க மனுஷனே இல்லை சார், தெய்வம்” என்று அப்பா அவர் காலில் விழப் போனார்.

ரம்பம் ஏறியது. இடப்பக்கம் கொடியும் பூவுமாகத் தடாலென்று விழுந்தது. வலப்பக்கமும் பாதி அறுத்தாயிற்று. தூசியில் டிவி தெரியவில்லை, சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பாப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏன்ப்பா, ஆம்புலன்ஸ் மாமா மாதிரி என்னைச் சாய்ச்சுத் தூக்க உங்க யாருக்கும் தெரியாதா?”