படி வரைக்கும் ஓட வேண்டும்

எந்த ஆங்கிலச் சொல்லையும் நடித்துக் காட்டினால்தான் மனதில் நிற்கும் என்பது மாடியில் பெரியவர்களுக்கு மாலை ஆங்கில வகுப்பு நடத்தும் கிறிஸ்துதாஸ் வாத்தியாரின் கட்சி. 'சிட் டவுன்' என்றால் உட்கார வேண்டும். 'ரன் அவே' என்றால் மாடிப்படி வரைக்கும் ஓடிவிட்டுத் திரும்ப வேண்டும். பத்தொன்பது வருடங்களாக ஓடியவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்ததைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது.

அன்று பூரணியின் முறை. அதிகம் வாய் திறக்காத பெண். தினமும் கணவன்தான் கொண்டுவந்து விடுவான். ஏழு மணிக்கு வந்து கூட்டிப்போவான். அவள் வாசலில் கிடந்த செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். தடதடவென்று படியிறங்கும் சத்தம் தெரு வரைக்கும் போய் அடங்கியது.

"நல்லா நடிக்கிறாங்க சார்," என்றார் முன்பெஞ்சு மளிகைக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

பத்து நிமிடமாகியும் அவள் வரவில்லை. பெஞ்சில் அவள் விட்டுப்போன செல்போன் அடித்தது. வாத்தியார் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். எதிரே பஸ் நிறுத்தத்தில் வெறுங்காலோடு நின்றிருந்தாள். பெண்களிடம் காசு வாங்காத டவுன் பஸ் இன்னும் வந்தபாடில்லை.

போனை எடுத்து 'ஹலோ' என்றார்.

"யாரு நீ? அவகிட்ட குடு. நான் கிளம்பிட்டேன்," என்றது ஆண் குரல்.

"வாத்தியார் பேசுறேங்க. இப்ப அவங்க முறை நடக்குது. இன்னிக்கு எட்டு மணி ஆயிரும், மெதுவா வாங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கரும்பலகையில் அடுத்த சொல்லாக 'கம் பேக்' என்று முன்பே எழுதிவைத்திருந்தார். டஸ்டரை எடுத்து, அதைத் தடம் தெரியாமல் அழித்தார்.