பூட்டிய வீட்டின் சுவர்

பிலோமினா தானே மெட்டமைத்த பாட்டை மூன்று தேர்வுகளில் வயலினில் வாசித்து, மூன்றிலும் தோற்றிருந்தாள். புதிதாகக் குடிவந்த வீட்டில் அவள் பிசகும்போதெல்லாம் பக்கத்து வீட்டிலிருந்து யாரோ சுவரைத் தட்டினார்கள். எரிச்சலாக இருந்தாலும், தட்டிய இடத்தில் சுருதி விலகியிருந்தது உண்மைதான். திருத்திக்கொண்டாள். ஒரே மாதத்தில் கை தெளிந்தது.

குழாய் பார்க்க வந்த வீட்டுக்காரரிடம், "பக்கத்துல யாருங்க இருக்காங்க?" என்று கேட்டாள்.

"அதைப் பூட்டி நாலு வருசமாச்சும்மா. சாவி எங்கிட்டதான் இருக்கு."

மறுநாள் காலை அந்தச் சுவரை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். ஆனாலும் வாசித்தாள். தேர்வாளர்கள் தப்பென்றதால் விட்டுவிட்டிருந்த ஒரு சுர வளைவைச் சரணத்தில் திரும்பச் சேர்த்தாள். உடனே சுவர் தட்டப்பட்டது. அப்படியே மறுபடி வாசித்தாள். இம்முறை தட்டியதில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

"இது தப்பில்ல. இது இப்படித்தான்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மூன்றாம் முறையும் அதையே வாசித்தாள்.

சத்தமில்லை. வெகுநேரம் கழித்து, சுவரில் வாய் வைத்துப் பாடுவதுபோல ஒரு குரல் அந்த வளைவை மெல்ல முனகிப் பார்த்தது. பாதியில் பிசகியது.

பிலோமினா விரலை மடக்கிச் சுவரைத் தட்டினாள்.