அதிராத கச்சேரி

"அங்கிள், சத்தம் வெச்சிருக்கீங்களா, இல்ல எங்களுக்குத்தான் காது போச்சா?"

கல்லூரிப் பெண் ஒருத்தி தடுப்புக் கம்பியில் சாய்ந்துகொண்டு கேட்டாள். கூட வந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

அரங்கின் கடைசியில், பொத்தான்கள் நிறைந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சவுண்ட்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஸ்பீக்கர்ல கொஞ்சம் கோளாறும்மா."

சுத்தப் பொய். அவர் தன் கையாலேயே துடைத்து, பூட்டி, பாதுகாத்து வந்த ஸ்பீக்கர்கள். அவற்றில் ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். எலெக்ட்ரானிக் இசைக் கச்சேரி. மேடையில் பாடுகிறவர் இல்லை, மேளம் அடிக்கிறவர் இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் மட்டும் லேப்டாப்புக்கும் நாலைந்து பெட்டிகளுக்கும் நடுவில் நின்று குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தான். இந்த இசைக்கு உயிரே பேஸ் என்கிற அடித்தொனிதான். 'தும் தும்' என்று நெஞ்சுக்கூட்டை இடிக்க வேண்டிய அந்தப் பேஸைத்தான் சவுண்ட்காரர் அடியோடு இறக்கி வைத்திருந்தார். மிச்சம் இருந்தது கொசுவின் ரீங்காரம்.

ஆட வந்த கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஒருவன் சுவரோரமாக உட்கார்ந்து தன் செல்போனில் வேறு பாட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டான். மேடையில் இருந்தவன் கட்டை விரலை உயர்த்தி உயர்த்திக் காட்டினான். சவுண்ட்காரர் ஆகட்டும் என்று தலையாட்டினார். பொத்தானைத் தொட்டார். ஏற்றவில்லை.

மேனேஜர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "என்னய்யா பண்றே? என் மானத்தை வாங்கணும்னே வந்திருக்கியா?"

"ஸ்பீக்கர் தாங்காது சார்."

"போன மாசம் தாங்குச்சே! கூரையைப் பிச்சுக்கிட்டுப் போச்சே! இன்னிக்கு மட்டும் என்ன கேடு வந்துச்சு?"

சவுண்ட்காரர் குனிந்து ஒரு வயரைச் சரிபார்ப்பதுபோல் பாசாங்கு செய்தார்.

"ஓஹோ, நேத்து நீ கேட்டதை மனசுல வெச்சிக்கிட்டுப் பண்றியா? அப்பவே முடியாதுன்னு சொல்லிட்டேன்ல? இந்தப் பாட்டு முடியறதுக்குள்ள சத்தம் ஏறணும். இல்லேன்னா சாவியைக் குடுத்துட்டு நடையைக் கட்டு."

அந்த மேசையில் எந்தப் பொத்தான் எதற்கு என்று மேனேஜருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தானே ஏற்றியிருப்பார்.

சட்டைப் பையில் செல்போன் சிணுங்கியது. சவுண்ட்காரர் எடுத்துப் படித்தார். முகத்தில் இருந்த இறுக்கம் சற்றுத் தளர்ந்தது. இடது பக்கச் சுவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, பேஸை இன்னும் ஒரு நூல் கீழே இறக்கினார்.

வேலை போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியவனை இன்னோர் அரங்கில் யார் கூப்பிடுவார்கள்? ஆனாலும் பொத்தானை விட்டுக் கையை எடுக்கவில்லை.

முதலில் ஒருவன்தான் "ஊ..." என்றான். பிறகு அரங்கமே சேர்ந்துகொண்டது. ஊளை, விசில், கூச்சல். சவுண்ட்காரர் பதறிப்போனார். ஸ்பீக்கரை அடக்கலாம், இத்தனை தொண்டைகளை எந்தப் பொத்தானை வைத்து அடக்குவது?

மேடையில் இருந்தவன் லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டு உள்ளே போய்விட்டான். மேனேஜர் கையை மட்டும் நீட்டினார். சவுண்ட்காரர் சாவிக்கொத்தை அந்தக் கையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

வீடு தூரமில்லை. அரங்கின் இடது பக்கச் சுவரை ஒட்டிய முதல் வீடுதான். மனைவியின் தங்கை கதவைத் திறந்து, விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

"மெசேஜ் பாத்தீங்களா மாமா? மாத்திரையைக் குடுத்துட்டேன். அக்கா கண் அசந்துட்டா."

முதுகெலும்பில் வந்த நோயால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் படுத்த படுக்கையாகிவிட்டவள் அவர் மனைவி. முதுகு வலியில் சில நாட்களாகப் பொட்டுத் தூக்கம் இல்லை. போன மாதக் கச்சேரி முடிந்து அவர் வந்தபோது, "கட்டிலே அதிர்ந்துச்சுங்க" என்று சொல்லித் தேம்பித் தேம்பி அழுதாள். அந்த அழுகை அவரைப் போட்டு வாட்டியது. 'இந்த ஒரு தடவை சத்தத்தைக் குறைச்சுக்கலாம் சார்' என்று நேற்று மேனேஜரிடம் கெஞ்சியது அதற்காகத்தான்.

வேலை போனால் போகட்டும், அவள் தூங்கினாளே. அந்த நிம்மதியோடு ஓசைப்படாமல் உள்ளே போனார்.

அவள் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தாள். தலையணை ஓரத்தில் மாத்திரை அப்படியே இருந்தது.

"தூங்கலையா நீ?"

"எப்படிங்க தூங்குவேன்? போன மாசம் கட்டில் அதிர்ந்தப்போ, செத்துப்போன என் கால்ல குறுகுறுன்னு ஏதோ ஓடுச்சு. சந்தோஷத்துல எனக்கு அழுகையே வந்துடுச்சு. நிச்சயமாத் தெரியாம உங்களுக்கு ஆசை காட்ட வேணாம்னுதான் சொல்லலை. இன்னிக்கும் வருதான்னு பாக்கணும்னு மாத்திரையை முழுங்காம, தங்கச்சிக்குத் தெரியாம கண்ணை மட்டும் மூடிக்கிட்டு காத்துக்கிட்டே கிடந்தேன்."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஜனங்க போட்ட கூச்சல் இங்க வரைக்கும் கேட்டுது. அப்படிக் கொண்டாடினாங்கன்னா, இடி மாதிரி அதிர்ந்திருக்கும்ல?" அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எனக்குத்தாங்க இந்த முதுகு வலியில கட்டில் அதிர்றதே தெரியலை, கால்லயும் ஒண்ணும் ஓடலை. என் கால் அவ்வளவுதான் போல."