பதினேழு இன்ச்

"இதைவிடப் பெருசு இல்லையாம்மா?"

மூன்றாவது தடவையாக அவர் இப்படிக் கேட்டதும் லேப்டாப் கடையின் விற்பனைப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. லேப்டாப் அவருக்கில்லை, பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்கு.

மனைவி, பாடப்புத்தகம் அச்சிடும் நிறுவனத்தில் பிழை திருத்துபவர். அடுத்த மாதத்திலிருந்து வீட்டிலிருந்தே வேலை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் அலுவலகம். லேப்டாப் வாங்க நிறுவனம் ஒரு தொகை கொடுத்திருந்தது. பதின்மூன்று இன்ச் திரை உள்ளது அந்தத் தொகைக்குள் கச்சிதமாக அடங்கியது.

"இதுவே போதும்மா," என்று திறந்த வேகத்தில் அதை மூடினார் மனைவி. "எடையே இல்ல. கைப்பையில வச்சா வச்ச இடம் தெரியாது."

"ஒரு பக்கம் திறந்து காட்டறேன் மேடம், படிச்சுப் பாருங்க."

"பார்த்தேன், பார்த்தேன். பளிச்சுன்னு இருக்கு. இருபத்திரண்டு வருஷமா என்னைத் தாண்டி ஒரு பிழை போனதில்ல. எனக்கு இது தாராளம்."

கணவர் தையற்காரர். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. அதை உருவித் திரையின் அகலத்தில் வைத்தார்.

"என்னம்மா, பதின்மூணுன்னு சொன்ன? பதினொன்னே கால்தான் வருது!"

"மூலைக்கு மூலை அளக்கணும் சார். திரைக்கு அதுதான் கணக்கு."

"நல்ல கணக்கு! இந்தத் தோள்லேருந்து அந்த இடுப்புக்கு அளந்து நான் சட்டை தச்சா, மறுநாள் ஒருத்தன் வருவானா?"

விற்பனைப் பெண் சிரித்துவிட்டாள். மனைவி சிரிக்கவில்லை.

"ஏங்க, லேப்டாப் வாங்க வந்தீங்களா, கடையை அளக்க வந்தீங்களா?"

அவர் அதைக் காதில் வாங்காமல் கடைசி மேஜைக்கு நடந்தார். அங்கே பதினேழு இன்ச் திரையோடு ஒன்று, மேஜையில் பாதியை அடைத்துக்கொண்டு இருந்தது.

"இதைப் போடும்மா."

"இது ஒன்றரை மடங்கு விலை சார். எடையும் ரெண்டரை கிலோவுக்கு மேல. நடுவுல பதினஞ்சு இன்ச் ஒண்ணு இருக்கு. விலையும் நடுவுல."

"நடுவுல முடிக்க நான் என்ன சமாதானம் பேசவா வந்தேன்? இதுதான் வேணும்."

"இதை யாருங்க தூக்கறது?" என்றார் மனைவி.

"வாரத்துல ஒரு நாள்தானே? நான் தூக்கிட்டு வரேன்."

"எதுக்குங்க இவ்வளவு பெருசு?"

"நாளையிலேருந்து மேட்ச் ஆரம்பிக்குது. நீ வேலையை முடிச்சதும் நான் உட்கார்ந்து பார்ப்பேன். சின்னதுல பந்து எங்க போகுதுன்னே தெரியாது."

"கேட்டியாம்மா இந்தக் கூத்தை! நான் சோறு தேடற பெட்டியில இவர் பந்து தேடணுமாம்!"

இவ்வளவு நேரம் அவர்மேல் இருந்த பிரியம் விற்பனைப் பெண்ணுக்குச் சட்டென்று குறைந்தது. "மேடம் வேலைக்குத்தானே சார் வாங்கறோம்? அவங்க சொல்றபடி..."

"அவ அப்படித்தான் சொல்லுவா. நீ எழுதும்மா."

மனைவி விடவில்லை. "மீதிப் பணம்?"

"காஜா மெஷினுக்குச் சேர்த்து வச்சிருக்கேன்ல?"

"அது சரி! பொத்தானுக்கு ஓட்டை போட மெஷின் வேணும், மெஷின் வேணும்னு ரெண்டு வருஷமா என் உயிரை எடுத்தது யாரு?"

"கையால போட்டுக்கறேன். கை என்ன தேஞ்சா போயிடும்?"

"ஊசியில நூல் கோர்த்துக் கொடுக்கறது நான்தானே? நீங்க வாங்கற நூல் இருக்கே, ஊசிக் காதுல நுழையவே மாட்டேங்குது. பிசிறு பிசிறா, மட்டமான நூல்! நாலு மாசமா சொல்றேன், நல்ல நூலா வாங்கக் காணோம். நூல்ல கஞ்சத்தனம், பந்து பார்க்க மட்டும் தாராளம்!"

தையற்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

"பிடிச்சா பிடிச்ச பிடி. உங்க பணம், உங்க பந்து, என்னமோ பண்ணுங்க!" ரசீதில் நிறுவனத்தின் பெயரைப் போடச் சொல்ல, பணம் கட்டும் மேஜைக்கு விறுவிறுவென்று போனார் மனைவி.

தையற்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"இதுல எழுத்தை எவ்வளவு பெருசா வைக்கலாம்மா?"

வேண்டாவெறுப்பாகப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"இன்னும்."

"இப்போ?"

"இன்னும் கொஞ்சம்... ம், இது சரி. இப்படியே விட்டுடு. அவ வீட்ல திறக்கும்போது, இது பொறந்ததே இப்படித்தான்னு நினைக்கணும்."

"மேட்ச் பார்க்க எழுத்து எதுக்கு சார்?"

"மேட்சா? ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடுவாங்கன்னே எனக்குத் தெரியாதும்மா."

அவள் விழித்தாள்.

"இருபத்திரண்டு வருஷப் பேரு அவளுக்கு. ஒரு பிழை தப்பிச்சு அச்சாயிட்டாக்கூட மனசு உடைஞ்சுடுவா. கண் டாக்டர்னு நான் வாயெடுத்தாலே வீடு ரெண்டாயிடும். போவா, கொஞ்ச நாளாகும். அதுவரைக்கும் அந்தப் பேரு நிக்கணும்."

"மேடம் எதுவுமே சொல்லலையே சார்?"

பணம் கட்டும் மேஜைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார் தையற்காரர்.

"மட்டமான நூல்னு என்னைத் திட்டினாளே, கேட்டியா?"

"கேட்டேன் சார்."

"இருபது வருஷமா அதே நூல்தான்மா வாங்கறேன்."