குழந்தை கேட்ட அறை

குழந்தையின் அறைக்கு என்ன அலங்காரம் என்பதை இப்போதெல்லாம் வயிற்றில் இருக்கும் குழந்தையே முடிவு செய்துவிடுகிறது. செண்பகத்தின் வயிற்றில் அசைவறியும் பட்டையைச் சுற்றிவிட்டு, கடைக்காரப் பெண் சுவரில் கடல் படத்தை ஓடவிட்டாள். பிடித்திருந்தால் குழந்தை அடங்கிக் கிடக்கும். இது உதைத்தது. காட்டுக்கும் நிலவுக்கும் அதே உதை.

செண்பகம் விளாத்திகுளம் பஸ்ஸில் கண்டக்டர். கத்திக் கத்தித் தடித்துப்போன தன் குரலும் அந்த இரைச்சலும் எட்டாத இடத்தில் பிள்ளை வளர வேண்டும் என்பது அவள் ஆசை.

"நம்ம பஸ்ஸப் போட்டுப் பாப்பமா?" என்றான் கணவன் இசக்கிராஜ்.

"அந்தக் கருமம் பிள்ளைக்கு எதுக்குங்க?"

அதற்குள் சுவரில் பஸ் வந்துவிட்டது. என்ஜின் உறுமியது, தரை குலுங்கியது. உதை நிற்கவில்லை. செண்பகத்துக்கு அப்பாடா என்றிருந்தது. அப்போது படத்தில் ஓர் ஆள் படியில் தொங்கினான்.

"யோவ், மேல ஏறி வாய்யா! விழுந்து தொலையப் போற!" பழக்கதோஷத்தில் கத்திவிட்டாள்.

வயிறு அடங்கியது.

"தூங்குதுக்கா," என்றாள் கடைக்காரப் பெண்.

செண்பகம் வெட்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் உதை.

"கைய எடு செம்பகம்," என்றான் இசக்கிராஜ். "பிள்ளை தேடுதுல்ல."